ஒரே மதியத்தில் முடிந்துவிடும் பால் ஜாயின்ட் வேலை

லெபனான் கவுண்டி, பென்சில்வேனியா
அக்டோபர், சனிக்கிழமை மாலை

ஸ்வட்டாரா பள்ளத்தாக்குச் சிறுகார் சங்கத்தின் மாத இதழான ‘திறந்த கூரை’யின் ஆசிரியரும், ஓய்வு பெற்ற பல் மருத்துவரும், என் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியவருமான டாக்டர் ராண்டல் கிரேபில் அவர்களுக்கு,

உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் துணைத் தலைமையாசிரியர் வெர்னன் ஹோஸ்டெட்டர் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் டார்லீனும் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும், கூரையை மூடினால் ஒழுகும் தங்கள் பச்சைக் காரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நேற்று என் கொட்டகையில் தாங்கள் விட்டுச் சென்ற வெள்ளைக் கையுறைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன். கிரீஸ் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் இதழில் தாங்கள் ஒரு கட்டுரை எழுதினீர்கள். ‘பால் ஜாயின்ட் மாற்றுவது: ஒரே சனிக்கிழமை மதியம், ஒரே ஒரு குவளைக் காபி’ என்பது தலைப்பு. சக்கரத்தைக் காரோடு சேர்த்துப் பிடிக்கிற அந்த முட்டி, நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துக்குள் உருண்டை உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும் என்றும், அது தேய்ந்தால் சக்கரம் நாம் சொன்ன பேச்சைக் கேட்காது என்றும் படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். படத்தில் அது தோள்மூட்டைப் போலவும் இல்லை, பால் ஜாயின்டைப் போலவும் இல்லை, பிடுங்கிய கடைவாய்ப் பல்லைப் போல இருந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். படம் வரையத் தெரியாதவனுக்கு வேலை தெரியாமலா போகும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அந்தப் பெருந்தன்மைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

எங்கள் சிவப்புக் கார் டார்லீனுடையது என்பது தங்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை எல்லாம் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி இறக்கியே அவள் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற வாரமே அந்த இரண்டு இருக்கைக் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். எதற்கு இது என்று கேட்டேன். “வெர்ன், என் பின்னாடி உக்காந்து கத்துறதுக்கு இதுல இடமே இல்ல பாரு, அதுக்குத்தான்” என்றாள். இந்த வருடம் இலையுதிர்கால ஊர்வலத்தில் முதல் வண்டியாகப் போக அவளைத்தான் சங்கம் தேர்ந்தெடுத்தது. அதற்குக் கை தூக்கியவர்களில் தாங்களும் உண்டு, அதற்கு நன்றி. அன்று வீட்டுக்கு வந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் கட்டிக்கொள்ளப் புதிதாக ஒரு நீலத் துணி வாங்கி அலமாரிக் கதவில் தொங்கவிட்டாள். பேசாத பெண்பிள்ளை ஒரு துணியைத் தொங்கவிட்டால் அதற்கு என்ன பொருள் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தர சோதனைக்கு நாள் வந்தது. சோதனை ஸ்டிக்கர் ஒட்டும் உரிமை இந்தப் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது? டார்லீனின் தம்பி, மெக்கானிக் கடை வைத்திருக்கும் மெர்லிடம். இந்த மெர்லை நான் பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் ஃபெயில் போட்டவன் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். காரை மேலே தூக்கி, சக்கரத்தின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கடக் கடக் என்றது. அவன் முகம் மலர்ந்தது.

“மச்சான், முன்சக்கரம் ரெண்டும் ஆடுது. பால் ஜாயின்ட் போயிருச்சு. ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.”

“எவ்வளவு ஆடுது?”

“பாஸ் மார்க்குக்குக் கீழ” என்றான். “மறுபடி நல்லாப் படிச்சிட்டு வாங்க, பாக்கலாம். இல்லேன்னா இங்கயே விட்டுட்டுப் போங்க, நானே மாத்தித் தரேன்.”

இத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்தை அவன் நாக்கின் அடியில் போட்டு வைத்திருந்தான் என்பது எனக்குப் புரிந்தது. விடுவேனா? மறுநாள் தீயணைப்பு நிலையத்துப் பான்கேக் விருந்தில், ஊர் முழுக்க உட்கார்ந்து சிரப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பால் ஜாயின்ட் வேலையை நானே என் கொட்டகையில், ஒரே மதியத்தில், தங்கள் கட்டுரையின் துணையோடு முடிக்கப்போவதாக அறிவித்தேன். பக்கத்தில் இருந்த டார்லீன் தலை நிமிராமல், “வெர்ன், வாய மூடிட்டு அந்தப் பான்கேக்கத் தின்னு” என்றாள். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று மட்டும் கேட்டாள். “ஊர்வலத்துக்குள்ள முடிஞ்சிருமா? சத்தியமா?” முடிந்துவிடும் என்று சத்தியம் செய்தேன். தங்கள் கட்டுரையை நம்பிச் செய்த சத்தியம் அது.

முதல் சனிக்கிழமை மதியம் காரை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, காபிக் குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘சக்கரத்தைக் கழற்றுக’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கழற்றினால் வந்தால்தானே? நட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, சக்கரம் வரவில்லை. நம் ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்களே, அந்த உப்பு எல்லாம் எங்கே போகிறது என்று பள்ளிக்கூடத்தில் பல முறை கேள்வி கேட்டிருக்கிறேன், ஒரு பிள்ளையும் சரியான பதில் சொன்னதில்லை. விடை என் காரின் அடியில் இருந்தது. சக்கரத்தை உதைத்தேன். குப்புறப் படுத்து உதைத்தேன், மல்லாந்து படுத்து உதைத்தேன். கடைசியில் அது வந்தபோது என் மேலேயே வந்தது, காபிக் குவளை உடைந்தது. ஆக, ‘ஒரே ஒரு குவளைக் காபி’ என்ற தங்கள் வாக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய்க்கவில்லை.

அதற்கு அப்புறம் ஜாயின்டின் நட்டு. அது திரும்பாமல் இருக்க ஒரு ஊசி மாதிரிக் கம்பி செருகியிருக்கும், அதை ‘மெல்ல உருவுக’ என்கிறீர்கள். மெல்ல உருவினேன், பாதி வந்தது. மீதிப் பாதி இன்னும் தன் சொந்தக் கருத்தோடு உள்ளேயே இருக்கிறது. தங்களுக்குப் போன் செய்தேன். “கொஞ்சம் அழுத்தம் தெரியும் வெர்ன், அவ்வளவுதான், வலிக்காது” என்றீர்கள். இந்த வார்த்தைகளை நான் முன்பும் ஒரு முறை, வாயைத் திறந்தபடி கேட்டிருக்கிறேன், அன்றைக்கும் தாங்கள் சொன்னது நடக்கவில்லை.

பாகங்கள் விற்கும் கடைக்குப் போய், ஜாயின்டைப் பிரிக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். ஊர் முழுக்க இரவல் வாங்கி அடித்த கருவி அது. பெட்டியில் இருக்க வேண்டிய வளையம் ஒன்றைக் காணோம், அந்தப் பள்ளத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுச் சாப்பாட்டு முள்கரண்டியை வைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தான். பெட்டியில் இருந்த, இரண்டு பல் உள்ள கனமான இரும்பு ஒன்றை ஜாயின்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக்கும் நடுவே செருகி, சுத்தியலால் அடி அடி என்று அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் விட்டேன், அடித்தேன், திட்டினேன், மறுபடி அடித்தேன். முப்பது வருடம் பிள்ளைகள் திட்டினால் நிறுத்தி வைத்துத் தண்டனை கொடுத்தவன் நான், அன்று கொட்டகையில் நான் பேசிய பேச்சுக்கு என்னையே பள்ளியை விட்டு நீக்கியிருக்க வேண்டும். திடீரென்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். அடுப்படியில் இருந்து டார்லீன் கையெல்லாம் நூடுல்ஸ் மாவோடு ஓடி வந்தாள்.

“செத்துட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன அந்தச் சத்தம்?”

“ஜாயின்ட் கழண்டுருச்சு” என்றேன், வெற்றிக் களிப்போடு.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். “சரி, அங்க எண்ணெயா ஓடுதே, அது யாரோடது?”

அது பிரேக் எண்ணெய். கழன்று விழுந்த இரும்பு போகிற போக்கில் பிரேக் குழாயை இழுத்துக்கொண்டு போயிருந்தது. தங்களுக்கு இரண்டாம் முறை போன் செய்தேன். அப்போதுதான் தங்கள் திருவாயில் இருந்து அந்த மந்திரம் வந்தது: “குழாய் மாத்துறீங்கல்ல, கையோட கையா பிரேக் தட்டையும் மாத்திருங்க, அங்கதானே கை இருக்கு.”

கையோடு கையாக! டாக்டர் அவர்களே, இந்த நாட்டில் குடும்பங்கள் குலைவது குடியாலும் சூதாட்டத்தாலும் என்று பாதிரியார் சொல்கிறார். அவர் கார் சங்கத்தில் சேர்ந்ததில்லை. பிரேக் தட்டை மாற்றப் போனேன், கையோடு கையாகச் சக்கரத்துப் பேரிங்கை மாற்றச் சொன்னீர்கள். பேரிங்கைக் கழற்றினேன், கையோடு கையாக ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் மரியாதை என்றீர்கள். புஷ்ஷைத் தொட்டால் ஸ்பிரிங், ஸ்பிரிங்கைத் தொட்டால் ஷாக் அப்சார்பர். ஒரு பக்கம் மாற்றினால் இன்னொரு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கார் வருத்தப்படும் என்றீர்கள். கார் வருத்தப்படுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஒருவர் என் பல்லைப் பிடுங்கும்போது ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. சனிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. தபால்காரர் வாசலில் பெட்டி பெட்டியாக இறக்கினார். இன்னொரு கார் செய்கிறாயா என்று தீயணைப்பு நிலையத்தில் கேட்கத் தொடங்கினார்கள். மெர்ல் தினமும் என் வீட்டைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கி, கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்து, “மச்சான், மதியம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் கடைக்கு என் வீடு வழியில்கூட இல்லை.

ஆனால் ஒழுங்கு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. ‘கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சுத்தம் செய்து, வர்ணம் அடித்து, கழற்றிய வரிசையில் ஒரு பழைய துணியில் பரப்பி வைக்க வேண்டும், ஒரு துண்டைக்கூடத் தூக்கி எறியக் கூடாது’ என்று எழுதியிருந்தீர்கள். பழைய துணி கிடைக்காததால் எங்கள் கல்யாணத்துக்கு டார்லீனின் அத்தை கொடுத்த விரிப்பை எடுத்தேன். (இதைப் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.) ஒவ்வொரு இரும்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை எடுத்து, கறி சுடும் அடுப்புக்கு அடிக்கிற கறுப்பு வர்ணத்தை அடித்து, உறை இல்லாமல் நின்ற இடங்களுக்கு எல்லாம் புது ரப்பர் உறை மாட்டி, வரிசையாக அடுக்கினேன். பள்ளி ஆண்டு விழாப் பரிசு மேசை மாதிரி இருந்தது. மெர்ல்கூட ஒரு நாள் இறங்கி வந்து பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்க மறந்து போனான்.

அதே போல, ‘புது ஜாயின்டை முதல் நாளே டீப் ஃப்ரீசரில் போட்டு வையுங்கள், குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும், அழுத்தும்போது வெண்ணெயாக இறங்கும்’ என்றீர்கள். அதையும் செய்தேன். போன வருடம் நான் சுட்ட மானின் இறைச்சிக்குக் கீழே, யாரும் தொடாத மூலையில், பையில் போட்டுப் பத்திரமாக வைத்தேன். டார்லீனிடம் சொல்லவில்லை. விரிப்பு விவகாரம் அப்போது சூடாக இருந்தது.

இந்த நாட்களில் எனக்கு மனசு பொறுக்காமல் போன ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். முன்சக்கரங்கள் இல்லாமல் தாங்கிகளில் நிற்கும் காரில் டார்லீன் ஏறி உட்கார்ந்திருந்தாள். தலையில் நீலத் துணி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்: “கூரை போட்ட மரப் பாலத்துல மெதுவா. ஆலை தாண்டி இடது. ப்ரூபேக்கர் பண்ணைகிட்ட வளைவு, அங்க கை ஆட்டணும்.” விழுந்துவிடும், இறங்கு என்றேன். இறங்கினாள். “முடிஞ்சிருமில்ல, வெர்ன்?” என்று மட்டும் கேட்டாள். தங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் முற்றியது. எனக்கே தெரியாத ஒன்றுக்கு நான் தலையாட்ட வேண்டியிருந்தது.

நேற்று, வேறு வழியில்லாமல், தங்களையே நேரில் வரவழைத்தேன். வந்தீர்கள், நன்றி. அடுப்படி வழியாக நுழைந்து, டார்லீன் கொடுத்த காபியையும் வெல்லப்பாகு ‘பை’ பலகாரத்தையும் முடித்துக்கொண்டு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, விரிப்பின் முன்னால் நின்று, பல் பிடுங்கும் கருவித் தட்டைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். “பிரமாதம்” என்றீர்கள். கீழ் வரிசையில் இருந்த ஜாயின்டைக் கையில் எடுத்தீர்கள். உறைபனி பெய்த காலை, கொட்டகையில் எதைத் தொட்டாலும் விரல் ஒட்டிக்கொள்ளும்.

“நல்லா சில்லுன்னு இருக்கு. ஃப்ரீசர்ல வெச்சீங்கல்ல?”

“வெச்சேன்” என்றேன்.

“அதான்!” என்றீர்கள். “இப்பப் பாருங்க.”

அழுத்தும் கருவியில் கொடுத்துத் திருகினீர்கள். மறுப்பே சொல்லாமல், அந்த இடத்தில் ஏற்கெனவே பழகியது போல, ஜாயின்ட் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மறுபக்கமும் அப்படியே. “பாத்தீங்களா வெர்ன், இதான் விஞ்ஞானம். குளிர்ல சுருங்கி எப்படி இறங்குது பாருங்க. ஆயிரம் பேரு சுத்தியலத் தூக்கிட்டு அலையுறான்” என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். நான் தலைவணங்கிக் கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் தங்கள் மேல் எனக்கு மரியாதைகூட வந்தது.

இன்று காலை காரை மெர்லிடம் கொண்டு போனோம். நானும் டார்லீனும் அருகருகே நின்றோம். அவன் அதே கடப்பாரையை அதே இடத்தில் கொடுத்து நெம்பினான். ஒரு சத்தம் இல்லை. இன்னொரு முறை நெம்பினான். கீழே குனிந்து, விளக்கை அடித்து, பளபளக்கும் கறுப்பு இரும்பைத் தட்டிப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே வைத்தான்.

“சரி மச்சான், ஒத்துக்கறேன்” என்றான். “புது ஜாயின்ட்னா புது ஜாயின்ட்தான். கை வெச்சாலே தெரியுது. எங்க கடைல செஞ்சாக்கூட இவ்வளவு நேர்த்தியா வராது.”

ஸ்டிக்கரை ஒட்டினான். டார்லீன் என் கையை ஒரு தரம் அழுத்தினாள். கூரையைத் திறந்துவிட்டு அவளே வீட்டுக்கு ஓட்டி வந்தாள், நான் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாராட்டு விழா பார்த்தவன் நான், அந்தப் பத்து நிமிடப் பயணத்துக்கு அதெல்லாம் பக்கத்தில் வராது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் தாங்கள் செய்ய வேண்டியவை. ‘ஒரே மதியம்’ என்று எழுதியது தவறு என்று முதல் பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். ‘கையோடு கையாக’ என்ற சொல்லை இனி சங்க இதழில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவர வேண்டும். அதே முதல் பக்கத்தில், விரிப்பின் மேல் பாகங்கள் அடுக்கியிருக்க நான் நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும், தாங்கள் அதில் ஓரமாக வரலாம். மெர்ல் சொன்ன வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் படத்தின் கீழே அச்சடிக்க வேண்டும். சங்கத்தின் இரவு விருந்தில் அதை மெர்லே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவனுக்கு வாசிப்பில் எப்போதும் நல்ல மார்க்தான்.

நாளை தேவாலயம் முடிந்ததும் ஊர்வலம். முதல் வண்டியில் டார்லீன். இந்தக் கடிதத்தை அங்கே தங்கள் கையில் நேரில் கொடுப்பேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். தங்கள் கூரை ஒழுகாதிருக்கட்டும். தங்களிடம் பல் காட்டியவர்கள் எல்லோரும் மிச்சமிருக்கும் பற்களோடு நீடூழி வாழட்டும்.

என்றும் தங்கள்,
வெர்னன் ஹோஸ்டெட்டர்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சடிக்க வேண்டாம். இதைக் கிழித்துப் போட இருந்தேன், டார்லீன் விடவில்லை. “எழுதுனது எழுதுனபடி போகட்டும், அந்தாளும் படிக்கட்டும்” என்கிறாள், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்தது இது. நான் கையெழுத்துப் போட்டு உறையை எடுக்கும்போது, இரவுச் சாப்பாட்டுக்கு மான் கறி எடுக்க அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். பனி மூடியிருந்தது.

“வெர்ன், நீ சுட்ட மானுக்கு முட்டி இரும்புலயா இருந்துச்சு?”

இரண்டு ஜாயின்ட்களும் புத்தம் புதிதாக, கடைச் சீட்டுகூடக் கிழியாமல் இருந்தன.

காபி குடிக்க அடுப்படியில் இருந்தபோது தாங்கள் ஃப்ரீசரில் இருந்து எடுத்து வந்திருப்பீர்கள் என்று நான் நினைத்தேன். நான் எடுத்து விரிப்பில் வைத்திருப்பேன் என்று தாங்கள் நினைத்தீர்கள். நேற்று தங்கள் விஞ்ஞானத்தின் முன்னால் வெண்ணெயாக இறங்கியவை, நான் தேய்த்து, வர்ணம் அடித்து, புது உறை மாட்டி வைத்திருந்த பழைய ஜாயின்ட்கள். பழகிய இடத்துக்குப் போவது போல இறங்கியதில் வியப்பில்லை, பழகிய இடம்தான். அந்தக் காரில் பால் ஜாயின்டைத் தவிர எல்லாவற்றையும் நாம் மாற்றிவிட்டோம். புதுப் பேரிங்கும் புது கிரீஸும் சேர்ந்துதான் காலையில் அந்த ஆட்டத்தை மறைத்திருக்க வேண்டும்.

அதில்தான் அவள் இன்று காலை கூரையைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டி வந்தாள். நாளை அந்த மலை வளைவுகளில் எல்லாம் ஓட்டியிருப்பாள், நான் சத்தியம் செய்தேன் என்ற ஒரே நம்பிக்கையில். அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது, டாக்டர். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் கத்தவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். “மெர்ல், இன்னிக்கு நீ கை வெச்சாலே தெரியுதுன்னு சொன்னியே, அது பழைய ஜாயின்ட். போன மாசம் நீ ஃபெயில் பண்ணின அதே ஜாயின்ட். இப்ப சொல்லு. அன்னிக்குப் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொன்னியா?” மறுமுனையில் ஒரு மௌனம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அல்ஜீப்ரா பரீட்சையில் நான் கேட்டுப் பழகிய மௌனம் அது. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

ஊர்வலத்தில் முதல் வண்டியாக அவள்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை. ஆனால் சிவப்புக் காரில் இல்லை. தேவாலயத்தின் பழைய பஸ் இருக்கிறதே, அதில். அந்த பஸ்ஸுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியது மெர்ல்தானே என்று நான் இழுத்தேன். விளக்கை எடுத்துக்கொண்டு போய், அவளே அதன் அடியில் படுத்து, கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்துவிட்டு வந்தாள். முடியெல்லாம் தூசி. “இது ஆடல” என்றாள். சங்கத்தின் சின்னக் கார்கள் எல்லாம் அந்த பஸ்ஸின் பின்னால், பஸ்ஸின் வேகத்தில் வர வேண்டும். தங்கள் பச்சைக் காரை வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னாள். தாங்கள், நான், மெர்ல் மூன்று பேரும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது, பேசக் கூடாது, முக்கியமாக ஒருவருக்கொருவர் எதையும் விளக்கக் கூடாது.

“பின்னாடி கத்துறவன் யாரும் இல்லாம ஒரே ஒரு நாள் ஓட்டணும்னு ஆசப்பட்டேன்” என்றாள், நீலத் துணியை அலமாரிக் கதவில் இருந்து எடுத்து மடித்துக்கொண்டே. “என் தலையெழுத்து, பழைய பசங்க மூணு பேரு வந்து ஏறிக்கிட்டீங்க.”

முன்னால் அவள் பக்கத்து இருக்கையிலாவது நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். அங்கே இடமில்லையாம். அந்த இரண்டு ஜாயின்ட்களையும் பையோடு அங்கே வைத்து பெல்ட் போட்டுவிடப் போகிறாளாம். இந்த வேலையில் எந்தத் தப்பும் செய்யாதவை அவை இரண்டு மட்டும்தானாம்.

தங்கள் கையுறைகளைக் கொண்டு வருகிறேன். தேவாலயம் முடிந்து, பஸ் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தங்கள் வாசலுக்கு வரும். தாமதித்தால் நிற்க மாட்டாள்.

வெ. ஹோ.